கழுத்துக்குக் கீழே வேறு ஆள்

அத்தியாயம் 14

அழைப்பிதழைக் கையில் பிடித்தபடி அண்ணன் வீட்டு வாசலில் நின்ற ரங்கநாயகியைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவள் கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

எப்படி அடங்கும்? அப்பா சுந்தரராஜுலு போய்ப் பதினாறாம் நாள். காலையில் வீட்டில் காரியம், அது முடிந்த கையோடு பீளமேட்டு மண்டபத்தில் படத்திறப்பு. படத்தைத் திறந்து வைப்பவர் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த பெயர், ஓய்வு பெற்ற டி.எஸ்.பி. தமிழ்வேந்தன்.

அந்தப் பெயரை நைனா தன் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ‘அந்த ஆள்’ என்பார், அவ்வளவுதான். வீட்டில் பாதித் தெலுங்கும் பாதித் தமிழும் புழங்குகிற குடும்பம். அப்பா அவளுக்கு நைனா.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சுந்தரராஜுலு தாராபுரம் பக்கம் மழைக்கே வழியில்லாத ஊரில் பிறந்து, பதினேழு வயதில் கடற்படைக்கு ஓடியவர். கப்பலின் எஞ்சின் அறையில் பதினைந்து வருடம் வெந்துவிட்டு, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் இருந்தபோது, மாசாணம் என்கிற பையனை மோட்டார் ஒயர் திருடியதாகப் பிடித்து வந்தார்கள். தேங்காய்க் களத்தில் வேலை பார்த்தவன். மறுநாள் காலை வாய்க்காலில் பிணமாகக் கிடந்தான்.

பொழுது சாய்வதற்குள் அவனை விட்டுவிட்டோம், குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்றார் அப்போது அங்கே இன்ஸ்பெக்டராக இருந்த தமிழ்வேந்தன். ஸ்டேஷனே அதில் கையெழுத்துப் போட்டது. சுந்தரராஜுலு மட்டும் போடவில்லை. தான் ராத்திரி வேலை முடித்துத் திரும்பியபோது பையன் லாக்கப்பில் படுத்திருந்ததைப் பார்த்தேன் என்று ஆர்.டி.ஓ. விசாரணையில் சொன்னார். ஒருத்தர் சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று விசாரணையை மூடிவிட்டார்கள்.

அதன் பிறகு அவருக்கு வந்ததெல்லாம் மெமோவும் மாற்றலும்தான். ‘கடல் பார்த்தவன்தானே, கடலோரமாகவே போ’ என்று ராமநாதபுரம் சீமைக்குத் தூக்கியடித்தார்கள். வரவேண்டிய இன்ஸ்பெக்டர் பதவி கடைசிவரை வரவில்லை.

இத்தனை வருடம் கழித்து அந்த வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி மேல் கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது. சுந்தரராஜுலுதான் ஒரே சாட்சி. கூண்டில் ஏறுவதற்குள் அவர் போய்விட்டார். சாட்சி போன வீட்டுக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் மாலையோடு வருகிறார்.

கூப்பிட்டது யார் என்றால், பெற்ற பிள்ளை வெங்கடபதி. தமிழ்வேந்தன் இப்போது செக்யூரிட்டி கம்பெனி நடத்துகிறார். அதில் வெங்கடபதி பங்குதாரராகச் சேரப் போகிறான்.

*

மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவள் ரங்கநாயகிதான். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்ப்பவள். எது வெளியே போவதானாலும் ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் விடமாட்டாள். மேடையில் மஞ்சள் பட்டுத் துணி போட்டு மூடியிருந்த படத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

முகம் நைனாவுடையது. கழுத்துக்குக் கீழே வேறு ஆள்.

அகலத் தோள், புடைத்த மார்பு, அப்போதுதான் தைத்துப் போட்ட மாதிரி காக்கிச் சட்டை. நைனா ஒல்லி. காலர் எப்போதும் கழுத்தை விட்டு விலகியே நிற்கும். அதைவிடக் கொடுமை, இந்த ஆளின் தோளில் பக்கத்துக்கு மூன்றாக இன்ஸ்பெக்டர் நட்சத்திரம் மின்னியது. நைனா ரிட்டையர் ஆகிற அன்றைக்கும் இரண்டுதான்.

கடற்படை வெள்ளைச் சீருடையில், கொச்சித் துறைமுகத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோவை அவள்தான் தேடிக் கொடுத்திருந்தாள். அது என்ன ஆனதென்று தெரியவில்லை.

பின்னால் வந்து நின்ற அண்ணனிடம் இது யார் என்று கேட்டாள். ஸ்டுடியோக்காரன் செய்தது, நன்றாகத்தானே இருக்கிறது என்றான் வெங்கடபதி. வெள்ளை டிரெஸ்ஸில் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வேறு கேட்டான்.

“அவருக்குக் கெடைக்காததை நான் குடுத்தேன் அம்மணி. அதுல என்ன தப்பு?”

“கெடைக்காமப் பண்ணுனவனையே கூட்டியாந்து தொறக்க வெக்கறீங்களே, அது தப்பில்லைங்களா?”

“மெதுவாப் பேசு. மைக்கு செட்டுக்காரன் பாக்கறான்.”

“பாக்கட்டும். நீ செஞ்ச வேலைய ஊரே பாக்கட்டும்.”

பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் ‘நீ’ என்றதில்லை. பிறகு வெங்கடபதியும் வெடித்தான். மாற்றல் மேல் மாற்றலாகப் பள்ளிக்கூடம் மாறி மாறி பிளஸ் டூவில் கோட்டை விட்டது அவள் இல்லை, அவன். இன்ஜினியரிங் கனவை மூட்டை கட்டிவிட்டு லேத்துப் பட்டறையில் நின்றது அவன். எஸ்.ஐ. மகன் என்று ஒரு பயல் அவனுக்கு உதவியதில்லை. உதவ வந்தவர்களும் யார் மகன் என்று கேட்டதும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

“அவருக்கு அந்தச் செத்த பையன் மேல இருந்த அக்கறை நம்ம மேல இருந்துச்சா, சொல்லு.”

சும்மா சொல்லக்கூடாது, அவன் வலியும் உண்மையான வலிதான். ஆனால் வலிக்கிறவன் எல்லாம் அடித்தவனிடமே போய் மருந்து வாங்கிக்கொள்வதில்லை. ரங்கநாயகி அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வெங்கடபதி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினான்.

*

தமிழ்வேந்தன் எழுபதைத் தாண்டியும் நிமிர்ந்துதான் நடந்தார். கூடவே நாலைந்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருத்தன் வந்ததும் வராததுமாக மேடைக்கு எதிரே ஸ்டாண்டு போட்டு வீடியோ கேமராவைப் பொருத்தினான். துக்க வீட்டுக்கு வருகிறவன் எவனாவது கேமரா கொண்டுவருவானா என்று அவளுக்குச் சுருக்கென்றது.

அந்த நேரத்தில்தான் வாசல் ஓரம் ஒரு வயதான அம்மா தயங்கி நின்றாள். கடற்படை எஸ்.ஐ. காரியம் இதுதானா என்று கேட்டாள். தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கால் முழுக்கப் புழுதி. ரங்கநாயகி உள்ளே கூப்பிட்டு, நீங்கள் யார் என்று கேட்டாள்.

“நான் மாரியாத்தாளுங்க. மாசாணத்தோட ஆத்தா. உங்கப்பாருக்குக் கும்புட்டுப் போலாம்னு வந்தேனுங்க.”

முன் வரிசைக்கு எவ்வளவு கூப்பிட்டும் அவள் வரவில்லை. கடைசி வரிசையில் மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ரங்கநாயகி முன்னால் போய், அம்மா ராமாமணியின் காதில் விஷயத்தைச் சொன்னாள். ராமாமணி திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

முதலில் பேசியவர் நைனாவோடு கப்பலில் இருந்த ஒரு நண்பர். அவருக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. எஞ்சின் அறையில் வாட்ச் என்கிற வேலை முறை மாறும்போது, போகிறவன் வருகிறவனிடம் எது ஓடுகிறது, எது ஒழுகுகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும் என்றார். ஒரு தடவை சுந்தரராஜுலுவின் கை தவறி ஒரு வால்வு பழுதாகிவிட்டது. சொன்னால் தண்டனை, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொல்லிவிட்டுத் தண்டனையை வாங்கிக்கொண்டாராம். கப்பலில் ஏறியவன் எவனும் பட்டினி கிடக்கக் கூடாது என்று தன் தட்டை நீட்டுகிற ஆள் என்றும் சொன்னார். அதோடு இறங்கிவிட்டார்.

அடுத்து தமிழ்வேந்தன் எழுந்துபோய் மஞ்சள் துணியை விலக்கினார். மூன்று நட்சத்திரத்தோடு அந்த அகலத் தோள்காரர் வெளியே வந்தார். யாரோ கை தட்டினார்கள், துக்கம் என்று நினைவு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

“இது யாரு சட்டை?” என்றாள் ராமாமணி. அவள் சாதாரணக் குரலில்தான் கேட்டாள். ஆனால் முன் வரிசை முழுக்கக் கேட்டது.

தமிழ்வேந்தன் காதில் விழாத மாதிரி மைக்கைப் பிடித்தார். சுந்தரராஜுலு தனக்குத் தம்பி மாதிரி என்றார். நேர்மையான அதிகாரி, ஆனால் கொஞ்சம் அவசரக்காரர் என்றார். இலாகாவில் சில மனஸ்தாபங்கள் இருந்ததை மறைக்க விரும்பவில்லை என்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“கடைசியா ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். என் கையைப் புடிச்சுட்டு, ‘சார், அந்தப் பையன் விசயத்துல நான் அவசரப்பட்டுப்போட்டேன், அவன் சாயங்காலமே போயிட்டான், நான் வேற எவனையோ பாத்துட்டுச் சொல்லிப்போட்டேன், மன்னிச்சுருங்க’ன்னு கண்ணீர் விட்டாரு. நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன். பக்கத்துல நம்ம வெங்கடபதி தம்பியும் இருந்தாரு. கேட்டுப் பாருங்க.”

ரங்கநாயகிக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. கேமரா எதற்கு வந்ததென்று இப்போது தெரிந்தது. நாளைக்குக் கோர்ட்டில் இதுதான் ஓடும். சாட்சியே தன் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார், அவர் வீட்டு விசேஷத்திலேயே சொல்லப்பட்டது, குடும்பமே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று சொல்வார்கள். நைனா வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தது அந்த ஒரு சொல்லைத்தான். அதையும் மாலை போட்டு எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் கிடந்தவள் அவள். இந்த ஆள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மண்டபமே வெங்கடபதியைப் பார்த்தது. அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

ரங்கநாயகி எழுந்தாள். “நீங்க ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லீங்க. பொய் சொல்றீங்க.”

சலசலப்புக் கிளம்பியது. உறவுக்காரர் ஒருவர், காரியம் நடக்கிற இடத்தில் பொம்பளைப் பிள்ளை இப்படிப் பேசலாமா என்று அவளை உட்காரச் சொன்னார். மகளுக்கு அப்பா மேல் பாசம், அதனால் அப்படித்தான் பேசுவாள் என்று தமிழ்வேந்தன் மைக்கில் பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது மேடையிலேறி மைக்கைப் பிடுங்கலாமா என்று வந்தது அவளுக்கு. பிடுங்கி என்ன பயன்? அவள் சொல் ஒன்று, அவர் சொல் ஒன்று. நைனாவுக்கும் அன்றைக்கு இதுதான் நடந்தது.

“ஏனுங்க, சித்தெ இருங்க.”

ராமாமணி எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அன்னிக்கு ஆடிப்பதினெட்டு. இவரு பவானிக் கூடுதுறைக்கு பந்தோபஸ்து போயிட்டாரு. ஸ்டேசன்ல பூட்டி வெச்சவங்களுக்குச் சோறு நம்ம ஊட்டுல இருந்துதான் போகும், அது உங்களுக்கும் தெரியும். அன்னிக்கு ராத்திரி அந்தப் பையனுக்குச் சோறு கொண்டுட்டுப் போனது நானுங்க. லைட்டுப் போட்டு வெகுநேரம் ஆயிருச்சு. கம்பிக்கு அந்தப் பக்கம் உக்காந்து என் கையிலதான் வாங்கித் தின்னான். நீங்க உங்க ரூம்ல போன் பேசிட்டு இருந்தீங்க. சாயங்காலமே போனவன் ராத்திரி எப்படிங்க என் கையில சோறு வாங்குனான்?”

தமிழ்வேந்தனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கேமராவை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு வெங்கடபதி பக்கம் திரும்பி, அம்மா துக்கத்தில் நிதானம் தவறிப் பேசுகிறார்கள், உள்ளே அழைத்துப் போ என்றார்.

வெங்கடபதி போனான். போய் அம்மாவின் முழங்கையைப் பிடித்தான்.

“கையை எடுடா.”

கோர்ட்டு, வக்கீல் என்று இன்னொரு தடவை தன்னால் அலைய முடியாது என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

“உன்னைய ஆரு கூப்பிட்டா?” என்றாள் ராமாமணி.

அவன் கை தானாக விலகியது. ரங்கநாயகிக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நிமிடமே எதுவோ உறுத்தியது. ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தபோது அம்மா இருந்தாள். நைனாவும் இருந்தார். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

“இது நைனாவுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும். ‘நான் ஒருத்தன் சொன்னாப் போதும், நீ வாயைத் தெறக்காதே, உன்னையும் சந்தியில இழுத்துருவாங்க’ன்னாரு. அடக்கிப்போட்டேன். அதுக்கப்பறம் ஆருமே என்னைக் கேக்கலை கண்ணு.”

ரங்கநாயகி படத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் அண்ணன் மேல் கோபம், அந்த ஆள் மேல் கோபம். நைனா மேல் கோபம் வரும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. இப்போது வந்தது. எஞ்சின் அறையில் எதையும் மறைக்காத மனிதர், சொந்த வீட்டு அடுப்படியில் பாதி உண்மையைப் பூட்டி வைத்துவிட்டார். பெண்டாட்டியைக் காப்பாற்றத்தான் செய்தார், சரி. ஒருத்தர் சொல் போதாது என்று விசாரணையை மூடினார்களே, அன்றைக்காவது திறந்திருக்கலாமே. படத்திடம் எப்படிச் சண்டை போடுவது?

அதற்குள் ராமாமணி நடக்கத் தொடங்கியிருந்தாள். மேடைப் பக்கம் போகவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நேராகக் கடைசி மூலைக்குப் போனாள். தமிழ்வேந்தன் தன் ஆட்களோடு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறியதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாரியாத்தாளின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரங்கநாயகியும் பின்னாலேயே போய் நின்றாள்.

“அம்மா, உங்க பையன் பசியோட போகலீங்க. பண்டிகைக்குச் செஞ்ச புளிச்சோறு கொண்டுட்டுப் போனேன். ‘அக்கா, இன்னுங் கொஞ்சம் இருக்குங்களா’ன்னு கேட்டான். ஊட்டுக்குப் போயி மறுக்கா எடுத்தாந்து குடுத்தேன். வழிச்சுத் தின்னான்.”

மாரியாத்தாள் அழுவாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று ரங்கநாயகி நினைத்தாள். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம். அவள் அழவில்லை. ராமாமணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பட்டினி போட்டே என் புள்ளையக் கொன்னுபோட்டாங்கன்னு நெனைச்சுட்டு இருந்தேனுங்க இத்தனை வருசமா. ஆடிப்பதினெட்டு வந்தா எங்க ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கறதில்லை. ஏனுங்க, இந்த ஒரு சொல்லை எங்கிட்டயாச்சும் வந்து சொல்லக்கூடாதுங்களா?”

மாரியாத்தாள் அதோடு நிறுத்தவில்லை.

“உங்கூட்டுக்காரரு நல்லவருங்க. நான் இல்லைங்கல. அவரு ஒருத்தரு சொன்னதுனாலதான செல்லாதுன்னு தூக்கிப் போட்டாங்க? ரெண்டாவது ஆளு நீங்க இருந்திருக்கறீங்க. ஊட்டுக்குள்ளயே இருந்திருக்கறீங்க.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனாலேயே கேட்க முடியவில்லை. முன்னால் சாப்பாட்டுப் பந்திக்கு இலை போட ஆரம்பித்திருந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

வெங்கடபதி அங்கேயும் வந்துவிட்டான். வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கோர்ட்டுக்கெல்லாம் வர முடியாது, நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று மாரியாத்தாளிடம் சொன்னான். பிள்ளையாக நான்தான் முடிவெடுக்க வேண்டும், நான் அனுப்பமாட்டேன் என்றும் சொன்னான்.

மாரியாத்தாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ராமாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னைக்குங்க வரணும்?” என்று கேட்டாள் ராமாமணி.